அறுபத்திரண்டாவது நிறம்

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் மனைவி ஒரு புடவை கேட்டாள். அதிலிருந்து வந்தது. எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் முடியப்போகிறது, என்ன வேண்டும் என்று நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "ஆரணிப் பட்டு. கருப்பு" என்றாள். அரக்கு, மயில்கழுத்து, வாடாமல்லி என்று நான் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். "இருவத்தஞ்சு வருஷமா நீங்க சொன்ன கலர தான் கட்டிகினு இருக்கேன்" என்றாள். 

வேலூரில் நாற்காலியை விட்டு எழாமலே ஆரணிக் கடை ஒன்றின் வலைத்தளத்துக்குள் போனேன். தேடல் பெட்டியில் 'கருப்பு பட்டுப்புடவை' என்று தட்டினேன். '0 முடிவுகள்' என்றது. 'கருப்பு' என்று மட்டும் தட்டினேன். அதற்கும் அதே பதில். ஆயிரத்து இருநூறு புடவை வைத்திருக்கிற கடையில் ஒன்றுகூடவா இல்லை என்று எரிச்சலாகி, கீழே இருந்த எண்ணைக் கூப்பிட்டேன். சண்டை போடுகிற எண்ணத்தோடுதான்.

எடுத்தது ஒரு பெண். என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. "இன்னா வார்த்த போட்டுத் தேடுனீங்க சார்?" என்று கேட்டார். சொன்னேன். விசைகள் தட்டுப்படும் சத்தம் கேட்டது, பிறகு சத்தம் நின்றது. "சார், அந்த வார்த்த எங்க லிஸ்ட்லயே இல்ல. நான் சேக்கல. தப்பு என்னுது" என்றார்.

முப்பது வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு சொல் விட்டுப்போனதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. சண்டை போட வந்ததை மறந்துவிட்டேன். மரியாதை அப்போதே தொடங்கிவிட்டது.

2.

இரண்டு நாள் கழித்து ஆரணிக்குப் போய் அவரைப் பார்த்தேன். பெயர் பரிமளா. (போனில் 'அவர்' ஆக இருந்தவர் கதைக்குள் வந்ததும் 'அவள்' ஆகிவிடுவார். கதை எழுதுகிறவர்களின் பழைய கெட்ட பழக்கம் அது. அவரிடம் சொல்லிவிட்டேன். "எழுதுங்க சார், ஆனா கதை முழுக்க ஒரே மாதிரி எழுதுங்க" என்றார். அந்த 'ஒரே மாதிரி'யில்தான் அவருடைய தொழிலே இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.)

தொடக்கத்தை மூன்று முறை எழுதினேன்.

முதலாவது: "ஆரணியின் தெருக்களில் தறிச் சத்தம் விடியலோடு —" ஆரணியைப் பற்றி எழுதுகிற எல்லோரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். பரிமளா வேலை செய்யும் அறையில் கேட்பது ஏசியின் உறுமல் மட்டும்தான். விட்டுவிட்டேன்.

இரண்டாவது: "சொற்களின் அரசியான பரிமளா —" இதை அவரிடமே படித்துக் காட்டினேன். "அரசின்னு போட்டு யாரு சார் தேடப்போறாங்க?" என்றார். அதையும் விட்டுவிட்டேன்.

மூன்றாவது இது. இதுவே இருக்கட்டும்.

பரிமளா களம்பூரிலிருந்து எட்டேகால் பஸ்ஸில் ஆரணிக்கு வருகிறாள். வயது முப்பத்து நான்கு. நூலக அறிவியல் படித்தவள். அவளுடைய அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்கி அவளைப் படிக்க வைத்தார். ஒரு கல்லூரி நூலகத்தில் நான்கு வருடம் தற்காலிகமாகவே வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு, வலைத்தளம் தொடங்கியிருந்த பட்டுக்கடை முதலாளி பிரபாகரன், 'கம்ப்யூட்டர் தெரிந்த பெண் தேவை' என்று எழுதி ஒட்டியதைப் பார்த்து வந்து சேர்ந்தாள். புடவைகளுக்கு விவரம் எழுதுகிற வேலை என்றுதான் அவரும் நினைத்தார், அவளும் நினைத்தாள்.

3.

உண்மையில் அவள் செய்வது என்ன என்று சொல்லிவிடுகிறேன். நான் வியந்து நின்ற இடம் இது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அவள் சேர்ந்தபோது வலைத்தளத்தில் ஒரே நிறத்துக்கு ஒன்பது பெயர் இருந்தது. ஒருவர் மயில்கழுத்து என்று ஏற்றியிருந்தார், ஒருவர் தோகை கலர் என்று, இன்னொருவர் பீகாக் புளூ என்று. மயில்கழுத்து என்று தேடியவருக்குத் தோகை கலர் புடவைகள் வரவில்லை. கடைக்குள் எல்லாம் இருந்தும் கேட்டவருக்கு இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது கடை. பரிமளா உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டாள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரே ஒரு முதன்மைச் சொல். புடவையின் பக்கத்தில் அதுதான் இருக்கும், வேறு எதுவும் இருக்காது. ஆனால் மற்ற எட்டுச் சொற்களையும் அவள் தூக்கி எறியவில்லை. அவற்றைத் துணைச் சொற்களாகப் பின்னால் கட்டிவிட்டாள். தோகை என்று தட்டினாலும் மயில்கழுத்து வந்து நிற்கும். 'கட்டிட்டேன்' என்பதுதான் அவள் பேச்சில் இதற்குச் சொல். "கிளிப்பச்சையோட பேரட் கிரீன கட்டிட்டேன் சார்" என்பாள்.

நிறம் முடிந்ததும் வடிவத்துக்குப் போனாள். கோடு என்ற பெரிய தலைப்பின் கீழே வைரஊசி. கட்டம் என்ற தலைப்பின் கீழே பாலும் பழமும். கோடு என்று கேட்டவருக்கு வைரஊசியும் காட்டப்படும். வைரஊசி என்று கேட்டவருக்கு மற்ற கோடுகளைக் காட்டித் தொல்லை தரக் கூடாது. இந்த மேலும் கீழும் சரியாக உட்கார அவளுக்கு ஐந்து மாதம் பிடித்தது. எந்தச் சொல்லையும் தனக்குப் பிடித்தது என்பதற்காகச் சேர்க்க மாட்டாள், ஜனங்கள் எதைச் சொல்லிக்கொண்டு வருகிறார்களோ அதைத்தான் சேர்ப்பாள். முழு வாக்கியங்களைச் சேர்க்கவே மாட்டாள். வாக்கியத்தை உள்ளே விட்டால் பட்டியல் குப்பைத்தொட்டியாகிவிடும் என்பது அவள் கட்சி.

(அடிக்குறிப்பாகப் போட நினைத்தது: நான் ஒரு பத்தியில் 'நிலவு' என்று எழுதினால் அடுத்த பத்தியில் 'மதி' என்று மாற்றுவேன், இரண்டு தடவை ஒரே சொல் வந்துவிடக் கூடாது என்று. மொழிவளம் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறோம். பரிமளாவிடம் சொன்னேன். "அப்போ படிக்கறவங்க ரெண்டும் ஒண்ணுன்னு எப்டி சார் கண்டுபிடிப்பாங்க?" என்று நிஜமான கவலையோடு கேட்டாள்.)

ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் ஒரு டீயை வைத்துக்கொண்டு அவள் ஒரு பட்டியலைப் படிப்பாள். கடந்த வாரம் தேடியும் ஒன்றும் கிடைக்காதவர்கள் தட்டிய சொற்கள் அதில் இருக்கும். அவள் அதைப் பூஜ்யப் பட்டியல் என்கிறாள். கடையில் வாங்கியவர்களைப் பற்றி எல்லோருக்கும் அக்கறை உண்டு. வெறுங்கையோடு திரும்பியவர்களின் வார்த்தைகளை உட்கார்ந்து படிக்கிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை.

4.

இவ்வளவு சுத்தமாக வேலை செய்கிறவள் கருப்பை எப்படி விட்டாள்?

இதற்கு நான் முதலில் எழுதிய காரணம் "மனித மனத்தின் ஆழ்ந்த இருட்டுகளில் —" அடித்துவிட்டேன். நடந்தது இன்னும் எளிமையானது.

அவள் பட்டியலில் அறுபத்தொரு நிறங்கள். அவள் போட்டதை முதலாளி பார்த்தார், படம் எடுப்பவர் பார்த்தார், நெசவாளர்களுக்கும் ஒரு நகல் போனது. கருப்பு இல்லை என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. கல்யாணப் பட்டு விற்கிற ஊரில் அந்தச் சொல்லைக் கடைக்குள் யாரும் சொல்வதில்லை. சொல்லாததால் அது இல்லாததாகவும் தெரியவில்லை. வேலையில் சேர்ந்த முதல் மாதத்துப் பூஜ்யப் பட்டியலில் 'கருப்பு' வந்தது. சுடிதார், செருப்பு, பெல்ட் என்று வந்தவற்றோடு சேர்த்து அதற்கும், பிளாக் மாதிரி அதன் மற்ற பெயர்களுக்கும் 'நம்மிடம் இல்லை' என்று ஒரு குறி போட்டாள். குறி போட்ட சொல் உள்ள தேடல் மறுபடி அவள் கண்ணில் படாது, தனியாக ஒரு கோப்பில் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கும். இரண்டு வருடம் அப்படியே சேர்ந்தது.

என் போன் வந்த அன்று அவள் அந்தக் கோப்பைத் திறந்தாள். நானூற்றுப் பன்னிரண்டு தேடல்கள். கடைசி நான்கு மாதத்தில் மட்டும் தொண்ணூற்றேழு. எழுந்து சரக்கறைக்குப் போனாள். மூன்றாவது அலமாரியில் பதினான்கு புடவைகள் இருந்தன. கருப்பு உடல், மிளகாய்ப்பழச் சிவப்பில் கோர்வைக் கரை, மெல்லிய ஜரிகை. ஒவ்வொன்றின் சீட்டிலும் 'மேகவண்ணம்' என்று எழுதியிருந்தது. வலைத்தளத்திலும் அப்படித்தான் ஏற்றியிருந்தாள், அவளே. படத்தில் கண்ணெதிரே கருப்பு இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே மேகவண்ணம் என்று தட்டியிருக்கிறாள். நான்கு மாதத்தில் மேகவண்ணம் என்று தேடியவர்கள் யாரும் இல்லை.

சீட்டில் நெய்தவரின் பெயரும் இருந்தது. தெய்வநாயகி.

தெய்வநாயகி கொசப்பாளையத்தில் நெய்கிறவள், நாற்பதைத் தாண்டியவள். ஆறு வருடம் செய்யாறு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்த்துவிட்டு, அது பிடிக்காமல் தறிக்கு வந்தவள். சிவப்பும் பச்சையும் நெய்து சலித்து, முதலாளியிடம் போய்த் தானே ஒரு நிறம் கேட்டாள். பிரபாகரன் ரொம்ப யோசித்துவிட்டு, தறியில் ஏற்றுகிற நீளவாட்டு நூலாக இரண்டு பாவு கொடுத்தார். நெய்து கொடுத்த பதினான்கும் அலமாரியில் தூங்கின. நான்கு மாதம் பார்த்துவிட்டு, ஓடாத டிசைன் போட்ட தறிக்கு அடுத்த பாவு இல்லை என்று போன வாரம் சொல்லிவிட்டார். தறி காலியாக இருந்தது. அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமையிலிருந்து மறுபடி கம்பெனி பஸ் ஏறுவதாகத் தெய்வநாயகி பெயர் கொடுத்திருந்தாள்.

புடவை ஓடவில்லை என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். கேட்டு வந்த தொண்ணூற்றேழு பேரைப் பரிமளாவின் பட்டியல் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருந்தது.

5.

இந்த இடத்தில் எனக்குப் பிரபாகரன் மேல் சந்தேகம் வந்தது. அவரை ஒரு பாத்திரமாகப் பார்த்துச் சொல்கிறேன். கதைக்கு வில்லன் தேவை, முதலாளி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார், கன்னத்தில் ஒரு மச்சம் வைத்து —

வேண்டாம். நான் நேரில் பார்த்த பிரபாகரன் தறிக்காரர்களின் பிள்ளைகளுடைய பெயரெல்லாம் தெரிந்து வைத்திருப்பவர். நாற்பது தறிக்குப் பாவு கொடுக்கிறார். ஓடாத புடவை நெய்யச் சொல்லி நாற்பது தறியையும் கவிழ்க்க முடியாது என்று அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது.

பரிமளாவுக்கு முதலில் தோன்றிய வழி சுலபமானது. தினமும் செய்கிறதுதான். 'கருப்பு' என்ற சொல்லை மேகவண்ணத்தின் பின்னால் துணைச் சொல்லாகக் கட்டிவிட்டால் போதும். தேடுகிறவருக்குப் புடவை வந்து நிற்கும், பக்கத்தில் அந்தச் சொல் எங்கேயும் தெரியாது. முதலாளியும் முகம் சுளிக்க மாட்டார். ஐந்து நிமிட வேலை. முதலாளியின் காதில் போடுவதற்கு முன்னால் தெய்வநாயகியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று சாப்பாட்டு நேரத்தில் கொசப்பாளையம் போனாள்.

தெய்வநாயகி காலித் தறியின் கட்டையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். பரிமளா எல்லாவற்றையும் சொன்னாள். தன் தப்பையும் சேர்த்துத்தான். தெய்வநாயகி கோபப்படுவாள் என்று எதிர்பார்த்து வந்தவள், அவள் சிரித்ததைப் பார்த்துத் திகைத்துவிட்டாள்.

"நீ மட்டுமா வுட்ட? சீட்டுல மேகம்னு எழுதுனது யாரு? நான் தான். கருப்பு வேணும்னு கேட்டு வாங்கி, ரெண்டு மாசம் கருப்பு நூலையே பாத்துகினு நெய்ஞ்சி, எழுதும்போது கை வரல."

"இப்போ கட்டிடறேன் கா. யாரு கருப்புன்னு கேட்டாலும் உன் பொடவ வரும். வெளிய தெரியாது."

"வெளிய ஏன் தெரியக்கூடாது?"

தெய்வநாயகி துணியைக் கீழே போட்டாள்.

"கேட்டுகினு வர்றவ வாயத் தொறந்து கருப்புன்னு கேக்கறா. நம்ப பின்னாடி வாசல் வழியா எடுத்துக் குடுத்து, இதுக்குப் பேரு வேறன்னு சொல்லணுமா? நான் இன்னா திருட்டுப் பொடவயா நெய்ஞ்சேன்? போடறதா இருந்தா முன்னாடி போடு. இல்லன்னா வுட்டுடு, நான் பஸ் ஏறிக்கிறேன்."

(இந்த வசனத்தை நான் செதுக்கவில்லை. தெய்வநாயகி சொன்னதாகப் பரிமளா சொன்னது. பரிமளா எதையும் மாற்றிச் சொல்லும் ஆள் இல்லை என்பது இதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும்.)

6.

மறுநாள் காலை பதினொரு மணிக்குப் பரிமளா அந்தக் கோப்பை அச்செடுத்துக்கொண்டு முதலாளியின் மேஜை முன்னால் போய் நின்றாள். பட்டியலில் அறுபத்திரண்டாவது நிறமாகக் கருப்பைச் சேர்க்க வேண்டும், முதன்மைச் சொல்லாக, பக்கத்தில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி என்று சொன்னாள்.

"கல்லா கிட்ட நின்னுகினு அந்த வார்த்தய சொல்லாத மா" என்றார் பிரபாகரன். "பொண்ணுக்குப் பொடவ எடுக்க வர்ற ஜனம் மொத பக்கத்துல அதப் பாத்தா அப்டியே மூடிட்டுப் போயிடும். பின்னால கட்டிக்கோ. அது உன் இஷ்டம்."

"யாரு போயிடுவாங்கன்னு நமக்குத் தெரியாது சார். யாரு வந்தாங்கன்னு இதுல இருக்கு. படிக்கறேன், கேளுங்க."

"படி."

அவள் படிக்கத் தொடங்கினாள். ஒவ்வொன்றையும் அவர்கள் தட்டியபடியே படித்தாள்.

"கருப்பு பட்டு. கருப்பு பட்டு சேலை. ஆரணி கருப்பு பட்டு. பிளாக் சில்க் ரெட் பார்டர். கருப்பு புடவை பட்டமளிப்பு விழா. கருப்பு பட்டு கல்யாணத்துக்கு, எங்கள் வீட்டில் நாள் நட்சத்திரம் பார்ப்பதில்லை. அம்மாவுக்குக் கருப்பு பட்டு. பிளாக் பட்டு சாரி."

இருபது ஆனது. பிரபாகரன் போனை எடுத்து எதையோ பார்த்தார், மறுபடி வைத்தார். நாற்பது ஆனது. அந்தக் கடை தொடங்கியதிலிருந்து அந்தச் சொல் அதற்குள் அத்தனை தடவை ஒலித்ததில்லை. வெளியே புடவை மடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட மடிப்பதை நிறுத்திவிட்டார்கள். பரிமளாவின் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

ஐம்பதுக்கு மேல் எங்கேயோ அவள் நின்றுவிட்டாள். கோப்பில் அந்த வரியை அவள் முன்பே பார்த்திருக்க வேண்டும். நானூறு வரியில் கண்ணில் படாமல் போயிருக்கிறது.

"இன்னா மா?"

படித்தாள். "கருப்பா இருக்கறவங்களுக்கு கருப்பு பட்டு நல்லா இருக்குமா."

ஏசி உறுமிக்கொண்டிருந்தது. பிரபாகரன் நிமிர்ந்து பார்த்தார்.

"யாரு அது?"

"பேர் வராது சார். மொபைல்ல இருந்து. போன மாசம், மத்தியானம் ரெண்டு பத்துக்கு."

"நம்ப இன்னா சொன்னோம்?"

"பூஜ்யம்னு சொன்னோம்."

அவர் மேலும் படிக்கச் சொல்லவில்லை. ஒரு வாரம் பார்க்கலாம் என்றார். முதல் பக்கத்தில் போடு, முதன்மைச் சொல்லாகவே போடு. திங்கட்கிழமை பத்து மணிக்குள் பதினான்கும் போனால் தெய்வநாயகிக்கு அடுத்த பாவு, அதே கருப்பு. ஒன்று மிச்சமிருந்தாலும் பேச்சில்லை, கல்யாண ஜனத்தை ஒரு வாரம் பயமுறுத்தினதற்கு அந்த விலையாவது வேண்டும் என்றார்.

(இந்த நிபந்தனை ரொம்பக் கதைத்தனமாக இருக்கிறது, நம்ப மாட்டார்கள் என்று பரிமளாவிடம் சொன்னேன். "சாருக்கு எல்லாமே ஒரு வாரம் தான். எனக்கு வேல குடுத்ததே ஒரு வாரம் பாக்கலாம்னு தான்" என்றாள்.)

7.

நான் எழுதாமல் விடலாமா என்று ரொம்ப நேரம் யோசித்த பகுதி இது. பரிமளா எழுதச் சொன்னாள், அதனால் எழுதுகிறேன்.

அவள் எனக்குச் சொன்னது: ஆறு வருடத்துக்கு முன்னால் வீட்டில் மாப்பிள்ளை பார்த்தபோது ஒரு திருமண வலைத்தளத்தில் அவளுடைய விவரத்தை அவளே ஏற்றினாள். படிப்பு, உயரம் என்று ஒவ்வொரு கட்டமாக வந்து, நிறம் என்ற கட்டத்தில் நின்றது. சொடுக்கினால் ஒரு பட்டியல் விரிந்தது. அம்மா பின்னால் நின்றுகொண்டு "மாநிறம்னு போடு" என்றார். போட்டாள்.

"லிஸ்ட்ல கருப்பு இருந்திச்சி சார். அந்த லிஸ்ட்ட போட்டவங்க ஒழுங்காத்தான் போட்டிருந்தாங்க. நான்தான் கிளிக் பண்ணல." இதைச் சொல்லிவிட்டு அவள் தன் கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "அப்புறம் நானே ஒரு லிஸ்ட் போட வந்தப்போ அறுவத்தொண்ணு எழுதினேன். அது மட்டும் கைக்கு வரல. நான் மறக்கல சார். கை தாண்டிப் போயிடிச்சி."

 

அன்று மத்தியானம் அவள் கருப்பை அறுபத்திரண்டாவதாகச் சேர்த்தாள். மேகவண்ணத்தைப் பின்னால் கட்டினாள். எந்தப் பழைய சொல்லையும் எறிவதில்லை அல்லவா. கறுப்பு, பிளாக், கருநிறம், காக்கா கலர் என்று கோப்பில் வந்த எல்லாவற்றையும் வரிசையாகக் கட்டினாள். கடைசியில் தன் சட்டத்தைத் தானே மீறினாள். அந்தப் பெண் தட்டிய முழு வாக்கியத்தையும், ஒரு எழுத்து மாற்றாமல், கருப்பின் துணைச் சொல்லாகக் கட்டிவிட்டாள்.

வாக்கியத்தைச் சேர்த்தால் பட்டியல் குப்பைத்தொட்டி ஆகிவிடும் என்றீர்களே என்று கேட்டேன். "ஆகட்டும் சார்" என்றாள்.

8.

முதல் நாளே நான் ஒன்று வாங்கினேன். ஒரு கதாசிரியன் தன் பாத்திரத்தின் சரக்கை வாங்கி அவளைக் காப்பாற்றுவது பெரிய முறைகேடு என்று எனக்குத் தெரியும். என் மனைவி இலக்கிய விதிகளுக்குக் கட்டுப்பட்டவள் இல்லை. மிச்சத்தில் இன்னும் இரண்டு வாங்கிக் கணக்கைச் சரி செய்யலாமா என்று நான் இழுத்தபோது, "உங்க பரிதாபத்த யாரு கேட்டா? புடிச்சி வாங்கறவங்க வாங்கட்டும்" என்றாள். பரிமளாவிடம் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள். தெய்வநாயகி இன்னும் கடுமையாகச் சொல்லியிருப்பாள்.

இன்று சனிக்கிழமை, மாலை நான்கு மணி. இப்போதுதான் பரிமளாவிடம் பேசினேன். நான்கு புடவை மிச்சம். தெய்வநாயகி கம்பெனிக்குக் கொடுத்த பெயரை இன்னும் எடுக்கவில்லை. தறியும் காலியாகத்தான் இருக்கிறது. முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு இரண்டு கல்யாணக் குடும்பங்கள் போனில் திட்டியிருக்கின்றன. ஒரு குடும்பம் திட்டிவிட்டு அரக்கில் மூன்று புடவை எடுத்திருக்கிறது.

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அ) திங்கட்கிழமை ஒன்பது ஐம்பதுக்குக் கடைசிப் புடவையும் போகிறது. பிரபாகரன் பாவைத் தானே தூக்கிக்கொண்டு கொசப்பாளையத்துக்கு — போதும். இதை எழுதும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆ) ஒன்று மிஞ்சுகிறது. செவ்வாய்க்கிழமை காலை தெய்வநாயகி பஸ்ஸுக்கு நிற்கிறாள், மிஞ்சின அந்த ஒன்றையே கட்டிக்கொண்டு. படமாக நன்றாக இருக்கிறது. ஆனால் ஷிப்டு வேலைக்கு யார் பட்டுக் கட்டிக்கொண்டு போவார்கள்?

இ) பதினான்கும் போகின்றன, பிரபாகரன் வேறு ஏதோ சொல்லி —

மூன்றையும் பரிமளாவுக்குப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டாள். "மூணும் உங்களுக்குப் புடிச்ச வார்த்தயா இருக்கு சார். வர்றவங்க இன்னா கேட்டுகினு வருவாங்கன்னு தெரியாம நீங்களே எப்டி முடிக்கறீங்க?" என்றாள்.

அந்தப் பெண் திரும்ப வந்தாளா என்று கேட்டேன். யாரைக் கேட்கிறேன் என்று அவளுக்கு உடனே புரிந்தது.

"எனக்குத் தெரியாது சார். இனிமே தெரியவும் தெரியாது. கெடைக்காதவங்க வார்த்த மட்டும்தான் என் லிஸ்ட்டுக்கு வரும். அவ திரும்பி வந்து கேட்டா நாலு பொடவ வந்து நிக்கும். அதனால என் கிட்ட வர மாட்டா."

"வந்ததே தெரியாதா?"

"அதுதானே சார் வேல" என்றாள்.

9.

ஆகவே என்னிடம் முடிவு இல்லை. இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். நான்கு புடவைகள், திங்கட்கிழமை காலை பத்து மணி, ஒரு காலித் தறி. ஆரணிக் கடை ஒன்றின் தேடல் பெட்டிக்குப் பின்னால், யாருக்கும் தெரியாமல் கட்டிவைத்த ஒரு முழு வாக்கியம். அதைத் தட்டினால் என்ன வருகிறது என்று நான் சோதித்துப் பார்க்கவில்லை. கை பெட்டிவரை போனது, எடுத்துக்கொண்டேன். அது என் கேள்வி கிடையாது.

உங்களுடையதாக இருந்தால், தட்டிப் பாருங்கள். இந்தத் தடவை பூஜ்யம் வராது.